சதர்லாந்தா, தென் துருவமா: அகச்சிவப்பு வானியலுக்கு எது?

தென்னாப்பிரிக்காவில் உள்ள நம் சதர்லாந்தில், சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், 1.4 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி இருக்கிறது. டர்பனிலிருந்து காரிலேயே போகலாம். பழுதானால் அன்றே கைவைக்கலாம். ஆனால் அலைநீளம் 2 மைக்ரானைத் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கைத்) தாண்டினால் காற்றும் கண்ணாடியும் தம் வெப்பத்தாலேயே ஒளிர்ந்து, மங்கலான விண்மீனை மூழ்கடிக்கும்.

தென் துருவம் 2,835 மீட்டர். குளிர்காலத்தில் −60 டிகிரி. அந்த ஒளிர்வு வெகுவாக அடங்கும். 2.27 முதல் 2.45 மைக்ரான் வரை வானம் பல பத்து மடங்கு இருண்டது. மேலே உள்ள நீராவி முழுவதையும் நீராக்கினாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான். நீராவி அகச்சிவப்பை விழுங்கும் என்பதால், அதுதான் பெரிய வரம்.

தொல்லை தரையை ஒட்டிய காற்றில்: 200–300 மீட்டர் தடிமனுக்குக் கொந்தளித்துப் பிம்பத்தைக் கலைக்கும். அண்டார்க்டிகாவின் இன்னொரு உயர்மேடான டோம் சி-யில் அது சுமார் 30 மீட்டரே. அங்கே கோபுரம் எழுப்பித் தப்பலாம். ஆனால் அந்தக் குளிரில் கண்ணாடியில் உறைபனி படியும், கிரீஸ் இறுகும். மங்கலான பொருளுக்குத் துருவமே. அன்றாடக் கண்காணிப்புக்குச் சதர்லாந்து.