நெல் மூட்டுப்பூச்சி: வரம்புப் புல்லை வெட்டுவதா, மருந்து அடிப்பதா?

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறையிலும் படுவான்கரையிலும் கதிர் தள்ளும் நேரம் வந்தால் வட்டையெல்லாம் (வயல்வெளியெல்லாம்) இதே கேள்விதான். முதலில் பூச்சியைத் தெரிந்துகொள்ளுங்கள். அது அடிப்படையில் புல்வெளிப் பூச்சி. நெல் இல்லாத காலத்தில் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நெற்சப்பி போன்ற புற்களில் சாறு உறிஞ்சி வாழும். நெல் பூத்துப் பால் பிடிக்கும்போது வயலுக்குள் பறந்து வரும். இலையில் வரிசையாக முட்டையிடும். ஒரு வாரமளவில் குஞ்சு வரும், ஐந்து முறை தோலுரித்த பிறகே முழுச் சிறகு. பால்மணியை உறிஞ்சினால் மிஞ்சுவது பதரும் கறுத்த அரிசியும்தான்.

செலவு
புல்: கூலி, அல்லது சொந்த உழைப்பு.
மருந்து: காசு; பூச்சி திரும்பி வந்தால் மறுபடியும் காசு.

நேரம்
புல்: நெல் பூக்குமுன் வெட்ட வேண்டும். பூத்தபின் வெட்டினால் பூச்சியை நாமே கதிருக்கு விரட்டியதாகிவிடும்.
மருந்து: காலையிலோ மாலையிலோ. நடுப்பகலில் அவை நிழல் தேடிப் பயிரின் அடியில் ஒளிந்துவிடும்.

பக்கவிளைவு
மருந்து சிலந்திகளையும், மூட்டுப்பூச்சியின் முட்டைக்குள் வளரும் சிறு குளவிகளையும் சேர்த்தே கொல்லும். எனக்கு இதுதான் பெரிய கவலை. அவை செலவில்லாமல் நமக்கு வேலை செய்பவை.

குடலைப் பருவத்துக்கு (கதிர் வெளிவராமல் தண்டுக்குள் இருக்கும் பருவம்) முன்பே விழித்துக்கொண்டவருக்குப் புல் வெட்டுவதுதான் சரி, அதுவும் பக்கத்து வயற்காரரோடு சேர்ந்து. பால் பிடித்த கதிரில் பூச்சி மொய்த்துவிட்டதா? விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, தேவையான இடத்துக்கு மட்டும் மருந்து அடியுங்கள்.