மின்விசிறி நின்ற பிறகு: ஆர்க்கிட் குடிலுக்கான மூன்று ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

மொட்டை மாடியில் ஆர்க்கிட் குடில் போட நினைப்பவர்கள், எந்த ஏற்பாடு எத்தனை டிகிரி குறைக்கும் என்றே முதலில் விசாரிக்கிறார்கள். சென்னையில் 20 அடிக்கு 12 அடிக் குடில் ஒன்றைப் பதினொரு கோடைகளாகப் பராமரித்துவரும் நான், கூடவே இன்னொன்றையும் விசாரிக்கச் சொல்வேன்: கத்திரி வெயிலில் பகல் ஒரு மணிக்கு அந்த ஏற்பாடு நின்றுபோனால், ஆள் வந்து பார்க்கும்வரை செடிகள் தாங்குமா? பேட்-ஃபேன் (நனைந்த பேட் வழியாகக் காற்றை இழுக்கும் முறை), ஃபாகர் (நீரைப் பனியாகத் தூவும் கருவி), வெறும் நிழல்வலை ஆகிய மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

எதை எதிர்த்து நிற்கிறோம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் வீதம் இறங்குகிறது. சுமார் 22 சதுர மீட்டர் பரப்புள்ள என் குடிலில், 50 சதவீத நிழல்வலை பாதியைத் தடுத்தாலும் 11 கிலோவாட் உள்ளே வந்துவிடுகிறது. பதினொரு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே அறையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு இது சமம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது என்பதால், ஆவியாதலை மட்டுமே நம்பினால் மணிக்குப் பதினாறு லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும், அப்படி ஈரமான காற்று உடனுக்குடன் வெளியேறவும் வேண்டும்.

பேட்-ஃபேன் முறை நம் வீடுகளில் முன்பு தொங்கிய வெட்டிவேர்த் தட்டியின் இயந்திர வடிவம்தான். ஒரு சுவரில் நனைந்த காகிதப் பேட், எதிர்ச்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன், இடையில் உள்ள பாக்கி எல்லாம் பாலித்தீனால் அடைக்கப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை உள்காற்று முழுவதும் மாற வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 9 அடி உயரமுள்ள என் குடிலில் அது நிமிடத்துக்கு 2,160 கன அடி. அதற்கு ஒரு 18 அங்குல ஃபேனும், 4 அங்குலத் தடிமனில் ஒன்பது சதுர அடிப் பேடும் போதும். எவ்வளவு குளிரும் என்பதோ ஊரைப் பொறுத்தது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தப் பேடும் காற்றைக் கொண்டுபோக முடியாது. வெளிவெப்பத்துக்கும் அந்த அளவுக்கும் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத்தான் நல்ல பேட் கடக்கும். கோயம்புத்தூரில் ஒரு காய்ந்த மார்ச் பகலில் 38 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால், பேடைத் தாண்டி வரும் காற்று 27 டிகிரிக்கு இறங்கிவிடும். கடற்காற்று ஏறிய சென்னைப் பிற்பகலில் 36 டிகிரியும் 60 சதவீதமும் இருந்தால் அதே பேட் 31 டிகிரியோடு நின்றுவிடும், உள்ளே ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கிவிடும். அதே பணத்தைச் செலவழித்தும் கோவை நண்பருக்குக் கிடைக்கும் குளிர்ச்சியில் பாதிதான் எனக்குக் கிடைத்தது.

ஆனாலும் நான் அதைக் கைவிட்டதற்குக் காரணம் அந்தப் பாதிக் குளிர்ச்சி இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேனின் வெளிப்பக்கத்தில் இருக்கும் தகடுகள், ஃபேன் ஓடும்போது காற்றின் விசையால் திறந்து, நின்றதும் தம் எடையாலேயே மூடிக்கொள்பவை. மழையும் பல்லியும் உள்ளே வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. ஃபேன் பழுதாகும்போதும் அவை மூடிக்கொள்கின்றன. ஒரு மே மாதத்தில் நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்த பகலில், மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் சிறு பாகமான கெப்பாசிட்டர் போய்விட்டது. மாலை நான்கு மணிக்குத் திரும்பியபோது மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது, இறக்கை சுழலவில்லை. பேட் பம்ப் தன் பாட்டுக்குத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே 47 டிகிரி. ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையின் இலைகள் வெந்த கீரையைப் போல நிறம் மாறி, தொட்டால் நீர் கசியும் நிலையில் இருந்தன. இருநூறு ரூபாய்கூடப் பெறாத அந்தக் கெப்பாசிட்டரால் முப்பத்தொரு செடிகள் போயின. அதே மேசையின் ஓரத்தில் இருந்த இன்னொரு வகை ஆர்க்கிட்டான டென்ட்ரோபியங்கள் சில இலைகளை உதிர்த்துவிட்டு ஆடியில் மறுபடி துளிர்த்தன.

ஃபாகர் முறையில் அடைத்த பெட்டி தேவையில்லை. உச்சியில் திறப்பும் பக்கங்களில் வலையும் உள்ள குடிலில், நான்கு முனை ஃபாகர் ஒன்று 4 பார் அழுத்தத்தில் மணிக்கு 28 லிட்டரைப் பனியாகத் தூவும். பம்ப் நின்றால் வெளியில் என்ன சூடோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் உள்ளே இருக்கும். மேல்தொட்டித் தண்ணீரைக் கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பத்தடி உயரத் தொட்டி தருவது 0.3 பார் மட்டுமே, அதில் ஃபாகர் சொட்டத்தான் செய்யும்.

இந்த முறையின் ஆபத்து வேறு வகையானது. பேட்-ஃபேன் ஒரு பிற்பகலில் செய்வதை இது மூன்று வாரங்களில் ஓசையின்றிச் செய்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நாசிலில் படிந்து, பனித்துளி பெருந்துளியாகிக் குருத்தில் தேங்குகிறது. ஃபலனாப்சிஸுக்குக் குருத்தழுகல் வர அதுவே போதும். ஆகவே ஆர்.ஓ. நீரோ மழைநீரோ இல்லாதவர்கள் ஃபாகரைப் பற்றி யோசிக்காமல் இருப்பது நல்லது. அடுத்தது டைமர். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வட்டமுகப்பு டைமர் மின்சாரத்தால் சுழல்வது. மின்சாரம் போன நேரம் முழுவதும் அதுவும் நின்றுவிடும். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 மணி வரை மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில், மாலை ஐந்து மணிக்குத் தூவ வேண்டிய பனியை என் டைமர் இரவு பத்து மணிக்குத் தூவியது, நான் கவனிக்கும்வரை தினமும் அப்படியே தூவிக்கொண்டிருந்தது. உள்ளே சிறு பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமரில் இந்தக் கோளாறு வராது.

நிழல்வலையைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது, ஏனெனில் அதில் பழுதாக ஒன்றுமில்லை. ஒற்றை 75 சதவீத வலையைவிட, ஒரு முழ இடைவெளி விட்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு 50 சதவீத வலைகள் மேல். மேல்வலை உறிஞ்சும் சூட்டை இடையே ஓடும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். தரையில் ஜல்லி பரப்பி, பகலில் இரு முறை குழாயால் நனைத்து, மேசைக்கடியில் ஈரச் சாக்கு விரித்தால் செடிமட்டத்தில் ஓரிரு டிகிரி குறையும். வெளிவெப்பத்தைவிடப் பெரிதாகக் குறைக்க இதனால் முடியாது. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானதைப் போன்ற ஒரு நாள் வந்தால் இந்த முறையிடம் பதில் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட நாள் அரிது, மின்தடை அரிதல்ல.

மாற்று மின்சாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியிலிருந்து நடைமுறையில் 1200 வாட்-ஹவர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 350 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் புது பேட்டரியிலேயே மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் ஓடும். ஐந்து மணி நேர மின்தடைக்கு அது எட்டாது. திறந்த குடிலில் காற்றை அசைத்துக்கொண்டிருக்க 35 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வகை) ஃபேன்கள் இரண்டு போதும், அவை அதே பேட்டரியில் பதினேழு மணி நேரம் ஓடும். எச்சரிக்கைக் கருவிகளில் வைஃபையை நம்புவதை நான் நிறுத்திவிட்டேன். மின்சாரம் போகும் நேரத்தில் ரவுட்டரும் அணைந்துவிடுவதால், செய்தி வர வேண்டிய வேளையில் அது வருவதில்லை. சிம் கார்டும் தனிப் பேட்டரியும் உள்ள கருவி அழைத்துவிடுகிறது.

எந்தச் செடி என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஃபலனாப்சிஸ் தன் இலைத்துளைகளை இரவில் திறக்கும் செடி; பூந்தண்டு விடவும் அதற்குச் சில வாரங்கள் 25 டிகிரிக்குக் குறைந்த தட்பம் வேண்டும். சென்னையின் மே இரவில் எந்தப் பேடும் அதைத் தர முடியாது, மார்கழியும் தையும் இலவசமாகத் தருகின்றன. ஆகவே பூவுக்காகக் கோடையில் குளிர்விப்பது வீண், உயிரோடு கடத்தினால் போதும். டென்ட்ரோபியத்துக்கும், வாண்டா என்ற ஆர்க்கிட் வகைக்கும் அந்தக் கவலையும் குறைவு.

கோவையிலோ சேலத்திலோ இருப்பவர், ஃபேன் நின்றால் தானாகத் திறந்துகொள்ளும் உச்சித் திறப்பும், கையிருப்பில் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு பம்பும் வைத்துக்கொண்டு பேட்-ஃபேன் முறைக்கே போகலாம். காய்ந்த காற்றில் அதற்கு ஈடு இல்லை. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இரட்டை வலை, இரண்டு சிறு ஃபேன்கள், மழைநீர் இருந்தால் காலை 11 முதல் 3 மணி வரை மட்டும் ஓடும் இரண்டு ஃபாகர்கள். என் குடில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. பேட் இருந்த அலுமினியச் சட்டகத்தைக் கழற்ற மனமில்லாமல் அதில் ஒன்பது வாண்டாக்களைத் தொங்கவிட்டிருக்கிறேன்.