பாவிச்ச ஏ.எல் புத்தகம் செட்டா அனுப்புறோம்னு சொல்ற பேஜ்கள்ட்ட கவனமா இருங்க

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளை பக்கம் ஏ.எல் படிக்கிற பிள்ளைங்க உள்ள வீட்டுக்காரங்க தயவுசெஞ்சு இத முழுசா வாசிங்க. பேஸ்புக்ல "பாவிச்ச புத்தகம், பாதி விலை, வீட்டுக்கே வரும்"னு போஸ்ட் போட்டு நம்ம ஆளுங்கள ஏமாத்துற வேலை நடக்குது. எங்க வீட்டுலயும் நடந்துச்சு. பேஜ் பேர இங்க போடல, அவங்க பேர மாத்திக்கிட்டே இருக்காங்க, அதனால ஆள விட அவங்க செய்ற விதத்த தெரிஞ்சுக்கங்க.

தங்கச்சி கொமர்ஸ் செய்றா. கணக்கீடு, பொருளியல், வணிகக்கல்வி மூனுக்கும் புத்தகம், கூடவே ஓ.எல் எழுதப்போற தம்பிக்கு கணித பயிற்சி புத்தகம், எல்லாம் சேர்த்து 4,800 ரூபா, கொரியர் 450ன்னு சொன்னாங்க. போட்டோல எல்லாம் சுத்தமா இருந்துச்சு. பேசுன ஆளும் "நம்ம மலையக பிள்ளைங்க படிக்கட்டும்னு தான் இத செய்றோம்"னு அவ்வளவு அன்பா பேசுனாரு, பார்த்துட்டு காசு குடுக்கலாமான்னு கேட்டதுக்கும் சரின்னாரு. ஆனா பார்சல் கொண்டு வந்த தம்பி காசு குடுக்காம பிரிக்க விடல, அது அவரோட குத்தம் இல்ல, அவங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்காங்க.

பிரிச்சு பார்த்தா கணக்கீடு புத்தகம் போட்டோகொப்பி எடுத்து ஸ்பைரல் போட்டது. கொப்பி எடுக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டு போயி நிறைய பக்கத்துல வலது கை பக்கத்து தொகை வரிசையே விழல, கணக்கீட்டுல தொகை இல்லாம பிள்ளை எத வச்சு செஞ்சு பார்க்குறது? பொருளியல் புத்தகத்துல பதிப்பு வருஷம் இருக்குற பக்கத்த பிளேடால வெட்டி எடுத்துருக்காங்க, தையல் கிட்ட ஒரு விரல் அகலத்துக்கு கடதாசி மட்டும் மிச்சம். அட்டையில மட்டும் பெருசா "புதிய பாடத்திட்டம்"னு இருக்கு. ஸ்கூல் மிஸ் ரெண்டு பாடம் புரட்டி பார்த்துட்டு இது பழசுன்னு சொல்லிட்டாங்க.

இந்த எடத்துல தான் நிறைய பேர் மாட்டுறாங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ஏ.எல் பாடத்திட்டம் 2009ல மாறுனப்பவும் புத்தகத்துல "புதிய பாடத்திட்டம்"னு தான் போட்டாங்க, அதுக்கு முதல் பரீட்சை 2011ல நடந்துச்சு. பிறகு 2017ல திரும்ப மாறி 2019ல முதல் பரீட்சை வந்துச்சு. அதனால அட்டையில என்ன எழுதியிருக்குன்னு பார்க்காதீங்க, உள்ள பதிப்பு வருஷத்த பாருங்க, பொருளடக்கத்த ஸ்கூல் சிலபஸோட வச்சு பாருங்க. வருஷம் உள்ள பக்கம் இல்லன்னா அந்த புத்தகமே வேணாம்.

தம்பிக்கு வந்ததுல தான் எனக்கு வயித்தெரிச்சல். பயிற்சி புத்தகம்னு சொல்லி அனுப்புனது அரசாங்க கணித பாடநூல். அட்டையில ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்காங்க, உரிச்சா கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தோட பேரு, உள்ள யாரோ ஒரு பிள்ளை பேனாவால பேரும் வகுப்பும் எழுதியிருக்கு. 1980ல இருந்து ஸ்கூல்ல சும்மா குடுக்குற பாடநூல், தம்பிகிட்ட ஏற்கனவே இருக்கு, அதுக்கு காசு வாங்கிருக்காங்க!

எல்லாமா 5,250 ரூபா. அம்மா தோட்டத்துல தேயிலை கொழுந்து எடுக்குறாங்க. 2024ல நாள் சம்பளம் 1,350ன்னு வர்த்தமானி வந்துச்சே, அந்த கணக்குல பார்த்தாலும் கிட்டத்தட்ட நாலு நாள் வேலை, கிலோ குறைஞ்சு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தா இன்னும் கூட. போன் எடுத்து கேட்டா "பாவிச்ச சாமான் அப்படித்தான் இருக்கும், ரிட்டர்ன் இல்ல"ன்னாங்க, கொமென்ட் போட்டதும் ப்ளொக்.

ஒன்லைன்ல வாங்கியே ஆகணும்னா வீடியோ கோல் எடுத்து அட்டை, வருஷம் உள்ள பக்கம், பொருளடக்கம், நடுவுல நீங்க சொல்ற ஒரு பக்கம், கடைசி பக்கம் எல்லாம் காட்ட சொல்லுங்க. போட்டோ தான் அனுப்புவோம்னா இன்னைக்கு திகதிய ஒரு துண்டுல எழுதி புத்தகத்து மேல வச்சு எடுக்க சொல்லுங்க, வேற எடத்துல சுட்ட போட்டோ வச்சிருக்குறவங்களால அது முடியாது. பார்சல் பிரிக்கும்போது லேபல் தெரியுற மாதிரி வீடியோ எடுத்துருங்க.

நேர்ல போக முடிஞ்சா கொழும்பு மருதானை தான் நல்லம். நம்ம பக்கத்து ட்ரெய்ன் கோட்டைக்கு போக முன்ன வர்ற ஸ்டேஷன், இறங்கி டி.ஆர். விஜேவர்தன மாவத்தை பக்கம் நடந்தா பாவிச்ச புத்தக கடைங்க வரிசையா இருக்கு. சிங்களம், இங்கிலிஷ் தான் கூட, தமிழ் புத்தகம் தேடி எடுக்கணும், ஆனா கையில எடுத்து பக்கம் பக்கமா புரட்டி பார்க்கலாம், விலையும் பேசலாம், முதல் கடையிலேயே வாங்கிறாதீங்க.

காசு செலவழிக்க முன்ன இதயும் பாருங்க. மகரகம தேசிய கல்வி நிறுவகத்தோட வெப்சைட்ல ஏ.எல் பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி எல்லாம் தமிழ்ல பிடிஎப்பா சும்மா கிடக்கு, பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்கள சைட்ல இருக்கு. கதை, கவிதை, நம்ம மலையகத்து பழைய புத்தகம், சஞ்சிகை வாசிக்க ஆசைப்படுறவங்களுக்கு 2005ல இருந்து நடக்குற "நூலகம்"னு ஒரு ஒன்லைன் லைப்ரரி சைட் இருக்கு, ஒரு சதம் கேட்க மாட்டாங்க. டேட்டா இல்லாத பிள்ளைங்களுக்கு டவுன்ல வேலை செய்ற அண்ணன் அக்காமார் டவுன்லோட் பண்ணி போன்ல ஏத்தி குடுங்க.

நாங்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்துல முறைப்பாடு குடுக்கப் போறோம், அவங்க நம்பர் 1977. இதே மாதிரி செட் வாங்கி ஏமாந்தவங்க சாட் ஸ்கிரீன்ஷொட், கொரியர் பில், பார்சல் லேபல் ஒன்னையும் வீசிறாம இன்பொக்ஸ் வாங்க, சேர்த்தே குடுப்போம்.