செங்கோட்டைச் சாரலும் ஒரு பழைய ஐ3 பெட்டியும்

மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த நாலாம் தலைமுறை இன்டெல் ஐ3 கணினியை, வீட்டு டிவிக்கும் போனுக்கும் படம் அனுப்பும் மீடியா சர்வராக்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 8 ஜிபி ராம், சின்ன எஸ்எஸ்டி, படங்களுக்கு 4 டிபி யூஎஸ்பி டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இந்தப் பெட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் அதற்கு முன்பே லினக்ஸுக்குத் தாவிவிட்டேன்.

முதலில் போட்டது ஒரு ரோலிங் டிஸ்ட்ரோ, அதாவது புதுப் பதிப்புகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும் லினக்ஸ் வகை. எல்லாம் புதுசாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான். பொங்கலுக்கு முந்தின நாள் வேலையில்லாமல் அப்டேட் கொடுத்தேன். திரை கறுத்து நின்றது. வீடு நிறைய விருந்தாளிகள். அன்றோடு அந்த ஆசை போயிற்று. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 என்ற நிதானமான லினக்ஸை டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல் நிறுவி, மேலே ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளைப் போட்டேன்.

உண்மையான பரீட்சை ஆடி மாதம்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வரும்போது செங்கோட்டையில் எங்கள் தெருவில் கரண்ட் கண் சிமிட்டும். வந்த கரண்டுக்கு ஃபேன் சுற்றும், சர்வர் சுற்றாது. நான் ஆபீசில் இருப்பேன், அம்மா போன் பண்ணுவாள்: "ஏல, உன் பொட்டி மறுபடியும் படுத்துட்டு." கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், மின்சாரம் திரும்பினால் தானே கிளம்பும்படி ஒரு அமைப்பு உண்டு, அதை மாற்றினேன். அடுத்த தடவை கிளம்பியது, ஆனால் பாதியில் எமர்ஜென்சி மோடில் நின்றது. யூஎஸ்பி டிஸ்க் விழித்தெழச் சோம்பல்பட்டிருக்கிறது. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்க் கிடைக்காவிட்டாலும் நிற்காமல் கிளம்பு என்று சொல்லும் 'நோஃபெயில்' என்ற சொல்லை நான் சேர்க்காதது என் தப்பு. அதைச் சேர்த்து, டிஸ்க் இணைந்து மவுண்ட் ஆன பிறகே ஜெல்லிஃபின் எழ வேண்டும் என்று சர்வீஸ் கோப்பில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' வரியையும் எழுதினேன். இந்த மூன்று மாற்றங்களுக்கு அப்புறம் அம்மாவின் போன் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான்.

அம்மா பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூர். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர், ஆகவே எங்கள் வீட்டில் மலையாளப் படம் ஓடுவது அதிசயமில்லை. மனைவிக்கு மட்டும் தமிழ் சப்டைட்டில் வேண்டும். சில கோப்புகளில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே பதித்து அனுப்பும்போது ஜெல்லிஃபின் சர்வரில் உள்ள எழுத்துருவைத்தான் எடுக்கும். டெஸ்க்டாப் இல்லாத டெபியனில் தமிழ் எழுத்துரு ஏது? லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவியதும் சரியாயிற்று. சப்டைட்டில் வெறும் எழுத்தாக உள்ள எஸ்ஆர்டி கோப்பாக இருந்தால் டிவியே காட்டிவிடும், சர்வருக்குச் சுமையில்லை.

குறை என்றால் 10 பிட் ஹெச்இவிசி முறையில் சுருக்கிய படங்கள். இன்டெல் கோர் வரிசையில் அந்தச் சுருக்கத்தை வன்பொருளிலேயே பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. டிவி நேரடியாக வாங்கிக்கொண்டால் பிரச்சினை இல்லை. போனில் பார்க்க வேறு வடிவத்துக்கு மாற்றித் தரச் சொன்னால் ஐ3 மூச்சு வாங்கும், படம் திக்கித் திக்கி நகரும்.

அப்பாவின் கணினியில் லினக்ஸ் மிண்ட் என்ற இன்னொரு லினக்ஸ். தமிழ்99 விசைப்பலகை, தட்டச்சுக்கான ஐபஸ் மென்பொருளிலேயே கிடைக்கிறது, கோவில் கணக்கை அதில்தான் எழுதுகிறார். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கடிதங்களை யூனிகோடாக்க ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

டெபியன் 13-க்கு மாறியபோது முன்னெச்சரிக்கையாக யூபிஎஸ் வாங்கிவைத்துவிட்டு, சாரல் ஓய்ந்த ஒரு காலையில் செய்தேன். முக்கால் மணி நேரம். டிஸ்க்கில் இப்போது 300 ஜிபிதான் மிச்சம். எந்த சீரியலை அழிப்பது என்று அம்மாவோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.