கொழும்பு ஈரத்தில் ஒரு வில்லுக்கத்தி: நீண்ட காலப் பாவனைக்குப் பிறகு

வில்லுக்கத்தி, அதாவது பூட்டில்லாத சின்ன மடக்குக் கத்தி, என்றால் எல்லோரும் அலகைப் பற்றித்தான் கேட்பார்கள். என்ன உருக்கு, கூர் எத்தனை நாள் நிற்கும் என்று. கொழும்பில் தினமும் பொக்கெற்றில் வைத்துப் பாவிப்பதென்றால் கவனிக்க வேண்டியது அலகும் பிடியும் சேரும் மூட்டுத்தான். அலகு மழுங்கினால் கல்லில் தீட்டி எடுக்கலாம். முதுகு வில்லு, அதாவது பிடியின் முதுகில் இருந்து அலகை அழுத்திப் பிடிக்கும் உருக்குத் தகடு, கறள் பிடித்து உடைந்தால் அந்தக் கத்தி அவ்வளவுதான். வியர்வை, கடற்காற்று, பழச்சாறு, பொக்கெற் பஞ்சு எல்லாம் போய்ச் சேருமிடமும் அந்த மூட்டுத்தான்.

இங்கே சொல்வது பெரும்பாலும் சுவிஸ் கம்பனியான விக்டோரினொக்ஸின் ‘கடெற்’ அளவுக் கத்தியை வைத்து. மடக்கினால் 84 மி.மீ., எடை சுமார் 46 கிராம், அலகு ஆறு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட, பிடி அலுமினியத் தகடு. மெல்லிய பருத்திக் காற்சட்டையைக்கூட இழுக்காது. அதே கம்பனியின் 93 மி.மீ. ‘பயனியர்’ கையில் நன்றாக நிற்கும், ஆனால் 101 பஸ்ஸில் நெருக்கியடித்து உட்கார்ந்தால் தொடையில் அழுத்தும். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. கத்தி பைக்கெற் வெட்டக் காணும், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குக் காணாது. சாரத்தோடு கொண்டு திரிவதைப் பற்றிக் கேட்க வேண்டாம்: இடுப்பு மடிப்பில் செருகினால் எங்கேயோ விழும்.

இந்த வகைக் கத்தியில் அலகைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருப்பது வில்லின் அழுத்தம் மட்டுமே. அலகின் அடிப்பகுதியில் தட்டையாக ஒரு முகம் இருக்கும். வில்லு அதில் வந்து உட்காரும்போது ‘டக்’ என்று கேட்கும். கூர்ப்பக்கம் கீழே அழுத்தி வெட்டும்வரை அலகு இன்னும் திறக்கும் பக்கமே தள்ளப்படுவதால் ஆபத்தில்லை. முனையால் குத்தினாலோ, அலகின் முதுகில் எதிர்ப்பு வந்தாலோ அது விரலின் மேல் மடங்கும். காயங்கள் அதிகம் வருவது தடித்த கார்ட்போட் பெட்டியில். அலகை அடிவரை இறக்கிவிடுவார்கள். மட்டை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். பிடியை மேலே தூக்கி இழுப்பார்கள். அலகு மட்டையிலேயே நிற்க, பிடி மடங்கி வந்து சுட்டுவிரலில் முடியும். முனைப்பக்கம் 5 மி.மீ. மட்டும் இறக்கி, பிடியைச் சரித்து, நேராகத் தன் பக்கம் இழுத்தால் இது நடக்காது. உள்ளே இருக்கும் பொருளும் கீறுப்படாது.

அரிசிச் சாக்கின் தையலுக்கு உண்மையில் வெட்டே தேவையில்லை. சங்கிலித் தையலின் சரியான முனையில் ஒரு முடிச்சை அறுத்துவிட்டு நூலை இழுத்தால் முழு வாயும் திறக்கும். வராவிட்டால் மற்ற முனை. காய்ந்த பாக்குக்குப் பாக்குவெட்டி இருக்கிறது, இளநீருக்குப் பெரிய கத்தி இருக்கிறது. பால்மா ரின்னின் மூடியை அலகு முனையால் நெம்புவது முனையை வளைப்பதற்கு மிக விரைவான வழி. கடெற்றில் அதற்கென்றே தட்டை முனையோடு போத்தல் திறப்பான் இருக்கிறது.

பழங்களுக்கு வருவோம். துருப்பிடிக்கா உருக்கு என்றால் கறளே வராது என்பதல்ல, மெதுவாக வரும் என்பதுதான். அலகைத் துடைத்துவிட்டு மடக்கிவிடுவோம். மூட்டுக்குள் போன அன்னாசிச் சாறு பஞ்சோடு சேர்ந்து அங்கேயே இருக்கும். ஈரம் காயாத இடுக்கில் சிறு குழிகள் விழத் தொடங்கும். மலிவுக் கத்திகளில் இன்னொரு தந்திரம்: அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று அடித்திருக்கும், வில்லும் ஆணிகளும் சாதாரண உருக்காக இருக்கும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் ஒரு மழைக்காலம் போதும், திறக்கும்போது செம்மண் நிறத்தில் எண்ணெய் கசியும். வில்லு ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிர்வதால், கறள் குழியில்தான் வெடிப்புத் தொடங்கும்.

கழுவுவது எளிது. எல்லா அலகுகளையும் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, கத்தியைத் தண்ணீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து தடவை திறந்து மூட வேண்டும். பல்லுக்குச்சியால் பஞ்சை வெளியே எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி உதறி, மின்விசிறிக்குக் கீழே திறந்தபடி ஒரு மணித்தியாலம் வைக்கலாம். பிறகு ஆணியின் இரு பக்கமும், வில்லு அலகைத் தொடும் இடத்திலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். மாம்பழக் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை, மற்ற நேரம் மாதத்துக்கு ஒரு தடவை போதும். எலும்பு, மரப்பிடிக் கத்திகளை இப்படித் தண்ணீரில் போடக்கூடாது.

எண்ணெய் என்றதும் தேங்காயெண்ணெயை எடுக்க வேண்டாம். நாளடைவில் அது சிக்குப் பிடித்து, பஞ்சையும் சேர்த்து இழுத்து, திறக்க நகம் உடையும் அளவுக்கு இறுகும். பாமசியில் விற்கும் லிக்விட் பரபின் சிறந்தது. பழம் வெட்டும் கத்திக்கும் பயமில்லை. தையல் மெசின் எண்ணெயும் மூட்டுக்கு நல்லது, ஆனால் அலகைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பாட்டில் வைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் உதவுவது பலாப்பால் ஒட்டியபோது. சவர்க்காரத்துக்கு அது அசையாது. எண்ணெயைப் பூசிச் சற்று ஊறவிட்டுத் துடைத்தால் வரும். பிறகு மேலே சொன்ன கழுவல்.

கடெற்றின் உருக்கு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் சுமார் 55–56. கடினம் குறைவு, அதனால் அடிக்கடி மழுங்கும், அதேபோல் சில நிமிடத்தில் கூர் திரும்பும். ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் கரட்டுக் கல்லைக் கத்தி அடியோடு மழுங்கினால் மட்டும் எடுக்கலாம். வழமைக்கு 1000 என்று இலக்கமிட்ட மெல்லிய கல் போதும். பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. அலகின் அகலம் 12 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 3 முதல் 4 மி.மீ. தூக்கிப் பிடித்தால் அந்தக் கோணம் வந்துவிடும். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கத்தில், அடி முதல் முனைவரை, விரலுக்குப் பிசிறு (கூரில் மடிந்து நிற்கும் மெல்லிய உருக்கு) தட்டுப்படும்வரை தீட்டிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பிசிறை எடுக்க, பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பில்லாமல் இருக்கும் வளையம் தாராளமாகப் போதும்.

நெடுநாள் தீட்டினால் வரும் கோளாறு ஒன்றுண்டு. உருக்குத் தேயத் தேய முனை முதுகுப் பக்கம் நகரும். மடக்கியபின் பிடிக்கு வெளியே மயிரளவு எட்டிப் பார்க்கும். மூடிய கத்தியைப் பழைய சீலையில் இழுத்தால் நூல் மாட்டும். கூர் தொடங்குமிடத்துக்கு முன்னால், மூடும்போது வில்லில் போய் நிற்கும் சிறு முட்டு இருக்கிறது. அதை அரத்தால் ஓரிரு தடவை தேய்த்தால் அலகு உள்ளே இறங்கும். கூடத் தேய்த்தால் மூடும்போது கூரே வில்லில் அடித்து, நடுவில் ஓரிடம் எப்போதும் மழுங்கியே இருக்கும். தேய்த்துப் பார்த்து, மூடிப் பார்த்து, மறுபடி தேய்ப்பதுதான் வழி.

கார்பன் உருக்குக் கத்திகளை விரும்புவோருக்கு: தேசிக்காயும் மாங்காயும் அலகைச் சாம்பல் நீலமாக்கும். அது கறளல்ல, அப்படியே விடலாம். ஆனால் புது அலகில் வெட்டிய பழத்தில் இரும்பு ருசி தெரியும். மரப்பிடி போட்ட பிரெஞ்சு ஒப்பினெல் கத்திக்கு முதுகு வில்லே இல்லை. மரத்தின் இறுக்கமே அலகைப் பிடிக்கும். 1955இல் வந்த பூட்டு வளையம் 6ஆம் இலக்கத்திலிருந்துதான் உண்டு. ஐப்பசி மழையில் மரம் ஊறி அலகு சிறைப்பட்டால், பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் தட்டினால் முனை வெளியே வரும்.

பழைய சோனகத் தெருப் பக்கம் வாங்கப் போனால், காந்தம் ஒட்டாவிட்டால்தான் நல்ல ஸ்டெயின்லெஸ் என்று கடையில் சொல்வதை நம்பத் தேவையில்லை. கூர் நிற்கும் துருப்பிடிக்கா உருக்கில் பெரும்பாலும் காந்தம் ஒட்டும். திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வில்லுக்கும் அலகுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா, அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா, மூடும்போது உட்தகட்டில் உரசுகிறதா என்று பார்த்தால் போதும்.

கடைத்தொகுதி வாசலில் பையைச் சோதிப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. கேட்டால் கொடுத்துவிட்டுப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் வீட்டில் விட்டுச் செல்வதே சரி. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு என்றால் கைப்பையில் அல்ல, ஏற்றும் பெட்டியில் வைக்க வேண்டும். அதற்கு முன் மூட்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தோல் உறையில் போட வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.