ஒரிஜினல் கேமும் அதன் பூட்டும்: டிஸ்க் காலம் முதல் டெனுவோ வரை, தர்மபுரிப் பக்கத்துப் பயன்பாட்டில்

"அண்ணா, காசு குடுத்து வாங்குன கேம்தான், ஆனா ஓப்பனே ஆக மாட்டேங்குது" என்று சர்வீஸ் கடைக்கு வரும் பிசிகள் பலவற்றில் கேம் ஃபைலில் ஒரு குறையும் இருக்காது. பூட்டுதான் தகராறு செய்யும். ஒவ்வொரு கேமும் திறக்கும்போது ஏதோ ஒன்றைச் சாட்சி கேட்கிறது: டிரைவில் உள்ள டிஸ்க், பிசியின் ஹார்டுவேர், உங்கள் அக்கவுண்ட் அல்லது எங்கோ இருக்கும் ஒரு சர்வர். எதை, எப்போது கேட்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பாதித் தலைவலி குறையும். சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகிற, மழை பெய்தால் ஏரியா கேபிள் நெட் படுத்துக்கொள்கிற, பென்னாகரம், தளி பக்கத்துக் கிராமங்களில் மொபைல் ஹாட்ஸ்பாட்டே கதி என்றிருக்கிற வீடுகளுக்கு, பெங்களூரு ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து எழுதும் ரிவ்யூ அப்படியே பொருந்தாது.

பழைய டிஸ்க்குகளிலிருந்து ஆரம்பிக்கலாம். இன்னும் பல வீட்டு அலமாரிகளில் அவை இருக்கின்றன.

2000-களின் ஒரிஜினல் சிடி, டிவிடிகளில் அதிகம் காணக் கிடைத்த பூட்டுகள் சேஃப்டிஸ்க்கும் செக்யூரோமும். சிடியில் ஒரு செக்டர் 2352 பைட். அதில் நம் டேட்டாவுக்கு 2048 பைட்தான். மீதி செக்டரின் முகவரிக்கும், படிப்பதில் பிழை வந்தால் கண்டுபிடித்துத் திருத்தும் குறியீட்டுக்கும் போகிறது. சேஃப்டிஸ்க்கின் முதல் பதிப்பு, டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் வேண்டுமென்றே படிக்க முடியாத செக்டர்களை நிறைய விதைத்து வைத்தது. சாதாரண காப்பி மென்பொருள் அங்கே முட்டி நின்றுவிடும். இல்லாவிட்டால் பிழையைச் சரிசெய்து சுத்தமான செக்டராக எழுதிவிடும். சுத்தமாக எழுதியதுதான் மாட்டிவிடும். கேம் திறக்கும்போது முதலில் ஓடுவது ஒரு சின்ன லோடர். அது அந்த இடங்களைப் படித்துப் பார்க்கும். பிழை வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் இது நகல் என்று முடிவுகட்டி, குறியாக்கம் செய்து வைத்திருக்கும் அசல் புரோகிராமை மெமரியில் அவிழ்க்காது. இரண்டாம் பதிப்பில் 'வீக் செக்டர்' வந்தது. சில பிட் வரிசைகளைச் சரியாக எழுதுவது அன்றைய சிடி ரைட்டர்கள் பலவற்றுக்கு முடியாத காரியம். டிஸ்க் அச்சடிக்கும் ஆலைக்கு அது பிரச்சினையே இல்லை. அந்த இடைவெளியில்தான் பூட்டு நின்றது.

செக்யூரோம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு செக்டரோடும் ஒட்டி வரும் 96 பைட் சப்சேனல் டேட்டாவில், குறிப்பிட்ட சில இடங்களை மாற்றி வைத்தது. அதையும் நகலெடுக்கும் மென்பொருள்கள் வந்தபின், டிஸ்க்கில் டேட்டா எவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதையே அளக்க ஆரம்பித்தது. ஒரு செக்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்பதில் அது தெரிந்துவிடும். காலி சிடியில் எழுதும் பாதை தயாராகும்போதே பதிந்திருக்கிறது. வீட்டு ரைட்டரால் அதன் நெருக்கத்தை மாற்ற முடியாது.

இந்த நுட்பங்களின் சுமை கடைசியில் ஒரிஜினல் வாங்கியவர் தலையில்தான் விடிந்தது. லென்ஸில் தூசி படிந்த டிரைவ் சாதாரண டிஸ்க்கை இரண்டு மூன்று முறை முயன்று படித்துவிடும்; நேரத்தை அளக்கும் பூட்டுக்கு அந்தத் தாமதமே சந்தேகம். கிருஷ்ணகிரியில் கிரானைட் லாரி ஓடும் ரோட்டோர வீட்டு டிரைவ்களுக்கு இது புதிதல்ல. ஒரிஜினல் டிஸ்க்கை உள்ளே வைத்துக்கொண்டே 'சரியான டிஸ்க்கைப் போடவும்' என்ற செய்தி வந்தால், முதலில் டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் டேட்டா ஓடும் திசையிலேயே விழும். பிழைத் திருத்தக் குறியீட்டால் சமாளிக்க முடியாது. அடுத்து வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். யூஎஸ்பியில் செருகும் மெலிந்த டிரைவ்களை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம்.

அதைவிடப் பெரிய தடை விண்டோஸ். சேஃப்டிஸ்க் வேலை செய்ய செக்டிஆர்வி என்ற டிரைவர், விண்டோஸின் உள்மையமான கெர்னல் மட்டத்தில் ஓட வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட் விஸ்டா, 7, 8, 8.1 ஆகியவற்றிலும் அதை நிறுத்திவைத்தது. விண்டோஸ் 7-இல் அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் அந்தச் சர்வீஸைத் தற்காலிகமாக ஸ்டார்ட் செய்து, ஆடி முடித்ததும் ஸ்டாப் செய்யலாம். நெட் இல்லாத பிசியாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11-இல் அந்த வழியும் கிடையாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டிஸ்க் வைத்திருப்பவருக்கு ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் 2019-இன் புதுப் பதிப்பு இருக்கிறது. 2005-இன் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வாண்டட் வைத்திருப்பவர் பாடு கஷ்டம். ஸ்டீமில் அதே பெயரில் கிடைப்பது 2012-இல் வந்த வேறு கேம். பெயரைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

ஃபார்மட் போட்டால் என்ன ஆகும்

டிஸ்க்கை நம்ப முடியாது என்றானதும் சாட்சி பிசிக்கு மாறியது. 2008-இல் ஸ்போர் என்ற கேம் வந்தபோது அதன் செக்யூரோம் 3 ஆக்டிவேஷன் (ஒரு பிசியில் ஓட சர்வர் தரும் அனுமதி) மட்டும் தந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதை 5 ஆக்கினார்கள்; பழைய பிசியின் அனுமதியைத் திரும்பப் பெறும் டூலும் வந்தது. நம் ஊர்ப் பழக்கம் என்ன? பிசி மெதுவானால் ஃபார்மட், வைரஸ் வந்தால் ஃபார்மட், ஒன்றும் புரியாவிட்டாலும் ஃபார்மட். கேமை அன்இன்ஸ்டால் செய்யாமல், அனுமதியைத் திருப்பிக் கொடுக்காமல் ஃபார்மட் போட்டால் ஒரு ஆக்டிவேஷன் போனது போனதுதான். அந்தக் காலத்து டிவிடி யாராவது கைமாற்றாகக் கொடுத்தால், எத்தனை ஆக்டிவேஷன் மிச்சம் என்று கேட்காமல் வாங்காதீர்கள். 2010-க்குப் பிறகு வந்த பல டிவிடி பெட்டிகளில் இருப்பது ஸ்டீம் கீ, அதாவது அக்கவுண்டில் கேமை ஏற்றும் குறியீடு. அது ஒருவர் அக்கவுண்டில் ஏறிவிட்டால் டிஸ்க்கைத் தட்டாகத்தான் பயன்படுத்தலாம்.

இன்னொரு சின்ன விஷயம், பெரும்பாலும் யாரும் சந்தேகிக்காதது: மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி. இங்கே வீடுகளில் ஆடி முடித்ததும் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவோம். ஸ்விட்ச் போட்டிருந்தால் பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில் கடிகாரம் ஓடும். அணைத்துவிட்டால் முழு நேரமும் அந்தக் காசளவு பேட்டரிதான் ஓட்டுகிறது. அது தீர்ந்ததும் பிசியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் எதுவும் செல்லாது; ஸ்டீம் லாகின் ஆகாது, ஆக்டிவேஷன் சர்வர் பதில் தராது, பிரௌசரும் எச்சரிக்கை காட்டும். நெட் நன்றாக இருக்கிறதே என்று ரூட்டரை மாற்றி மாற்றி ஆன் செய்து பயனில்லை. டாஸ்க்பாரில் தேதியைப் பாருங்கள், பேட்டரியை மாற்றுங்கள், பயோஸில் நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

ஸ்டீம்

2003-இல் வால்வ் தொடங்கிய ஸ்டீம், ஃபைலையும் உரிமையையும் பிரித்து வைத்தது. ஃபைல் யாரிடமிருந்து வந்தாலும் கவலையில்லை; அக்கவுண்டில் அந்தக் கேம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தினம் 1.5 ஜிபி பிளான் வைத்திருப்பவருக்கு இது பெரிய வரம். 80 ஜிபி கேமை டவுன்லோட் செய்து மாள முடியாது. அதே கேம் வைத்திருக்கும் நண்பரின் பிசியில், ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காமன் என்ற ஃபோல்டரில் அந்தக் கேமின் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவாருங்கள். உங்கள் பிசியில் அதே இடத்தில், அதே பெயரில் போடுங்கள். பிறகு உங்கள் அக்கவுண்டில் இன்ஸ்டால் கொடுத்தால், இருக்கும் ஃபைல்களை ஸ்டீம் சரிபார்த்து, வித்தியாசப்படுவதை மட்டும் இறக்கும். பென்டிரைவ் எஃப்ஏடி32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பிசியும் ஒரே ரூட்டரில் இருந்தால் 2023-இல் வந்த லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபர் இந்த வேலையைத் தானே செய்துவிடும்.

ஆஃப்லைன் மோட் பற்றிப் புகார் அதிகம். எங்கள் அனுபவத்தில் தயாரிப்பு சரியாக இருந்தால் அது நன்றாகவே நிற்கிறது. நெட் இருக்கும்போதே லாகின் செய்து, என்னை நினைவில் வை என்பதை டிக் செய்யுங்கள். ஆடப்போகும் கேமின் அப்டேட் முழுதாக முடிந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் அப்டேட் இருந்தால் ஆஃப்லைனில் ஸ்டார்ட் ஆகாது. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அந்தக் கேமை ஒரு தடவை திறந்து மெனு வரை போய் மூடுங்கள். முதல் ஸ்டார்ட்டில்தான் டைரக்ட்எக்ஸ் போன்ற துணை மென்பொருள்களும், மூன்றாம் ஆள் லாஞ்சர் (வேறு கம்பெனியின் கேம் திறக்கும் மென்பொருள்) இருந்தால் அதன் லாகினும் வரும். அதன் பிறகு ஸ்டீம் மெனுவில் கோ ஆஃப்லைன். கரண்ட் போய் நெட்டும் போனபின் இதைச் செய்ய நினைத்தால் காலம் கடந்தது.

அண்ணன் தம்பி ஒரே வீட்டில் ஆடினால், 2024-இல் வந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் பயன்படும். ஒரே வீட்டில் 6 பேர் வரை சேரலாம். ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கேம் ஆடலாம். ஒரே கேமை இருவர் ஆட இரண்டு காப்பி வேண்டும். உங்கள் காப்பியில் தம்பி சீட்டிங் செய்து பான் (தடை) ஆனால் உங்களுக்கும் பான். தெரு நண்பர்களை ஃபேமிலி ஆக்கும் முன் இதை யோசியுங்கள். பழைய பிசிக்காரர்கள் கவனத்துக்கு: 2024 ஜனவரியிலிருந்து விண்டோஸ் 7, 8-இல் ஸ்டீமுக்கு ஆதரவில்லை.

டெனுவோ

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த டெனுவோ, செக்யூரோம் செய்த குழுவிலிருந்து வந்தது. 2014-இல் ஃபிஃபா 15 வழியாக அறிமுகமானது. 2018-இல் இர்டெட்டோ என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஸ்டீம் போன்ற பூட்டின் மேல் கைவைக்காதபடி போடும் கவசம் இது. முதல் முறை திறக்கும்போது பிசியின் ஹார்டுவேர், விண்டோஸ் விவரங்களைச் சேர்த்து ஒரு கைரேகை எடுக்கும். கேம் உங்களுடையது என்ற ஸ்டீம் டிக்கெட்டோடு சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து வரும் டோக்கனை உங்கள் பிசியில் வைத்துக்கொள்ளும். கேமின் சில பகுதிகள் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு மட்டும் புரியும் மொழியில் மாற்றப்பட்டிருக்கும். டோக்கனும் கைரேகையும் பொருந்தினால்தான் அவை சரியான விடை தரும்.

டோக்கனின் அளவு மிகச் சின்னது, ஹாட்ஸ்பாட் தாராளமாகப் போதும். எப்போது மறுபடி கேட்கும் என்பதில்தான் சிக்கல். ப்ராசஸர் மாற்றினால், விண்டோஸைப் புதிதாகப் போட்டால், கேமுக்கு அப்டேட் வந்தால் கேட்கும். லினக்ஸில் விண்டோஸ் கேமை ஓட்ட உதவும் ப்ரோட்டானின் பதிப்பை மாற்றினாலும் புதுப் பிசி என்று எண்ணும். பல கேம்களின் ஸ்டீம் பக்கத்தில் ஒரு நாளைக்கு 5 பிசி என்ற வரம்பு எழுதியிருக்கும். பெங்களூரு எஸ்பி ரோட்டிலிருந்து பார்ட்ஸ் வாங்கிவந்து ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சோதிப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். 24 மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2021-இல் இன்டெலின் 12-ஆம் தலைமுறை ப்ராசஸர் வந்தபோது அதன் சிறிய கோர்களை வேறொரு பிசி என்று எண்ணி டெனுவோ கேம்கள் நின்றன. அதே ஆண்டு நவம்பரில் டெனுவோவின் ஒரு டொமைன் (இணைய முகவரி) புதுப்பிக்கப்படாமல் காலாவதியானதால், காசு கொடுத்தவர்களாலேயே சில கேம்களை ஆட முடியவில்லை.

வேகத்தைக் குறைக்கிறதா என்றால், கேமுக்குக் கேம் மாறும். கவசம் போட்ட பகுதியைக் கேம் எப்போதாவது அழைத்தால் தெரியாது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அழைத்தால் சிபியூவில் தெரியும். 2021-இன் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜில் எதிரியைச் சுடும்போது வந்த திக்கல், நகல் தடுப்பைச் சீராக்கிய பேட்சுக்குப் பின் குறைந்தது. 4 கோர் பழைய ப்ராசஸரில் இந்தத் திக்கல் பளிச்சென்று தெரியும். வெளியாகிக் கொஞ்ச காலத்தில் டெனுவோவை எடுத்துவிடும் பதிப்பாளர்களும் உண்டு. அவசரமில்லாதவர் காத்திருந்தால் விலையும் இறங்கியிருக்கும்.

எப்போதும் நெட் கேட்கும் கேம் இந்தப் பக்கம் எங்கள் கணிப்பில் வேண்டாத வேலை. 2013-இன் சிம்சிட்டி தனியாக ஆடவும் நெட் கேட்டது. ஆஃப்லைன் மோட் வர ஒரு வருடம் ஆனது. தி க்ரூ என்ற கேமின் சர்வரை 2024 மார்ச் 31-இல் யூபிசாஃப்ட் மூடியதும், டிஸ்க் வைத்திருந்தவருக்கும் கேம் இல்லை.

மறுகோடியில் இருப்பது 2008-இல் தொடங்கிய ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடை. அங்கே பூட்டே கிடையாது. ஆஃப்லைன் இன்ஸ்டாலரை ஒரு தடவை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் போதும். பெரிய கேம்களுக்கு ஒரு எக்ஸ்இ-யும் துண்டு துண்டாகப் பல .bin ஃபைல்களும் வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். கரண்ட் போகும் ஊரில் பிரௌசரில் இறக்கினால் துண்டு அரைகுறையாக நிற்பது சகஜம், ஆகவே பக்கத்தில் காட்டும் அளவோடு ஒப்பிட்டுவிட்டு வையுங்கள்.

கிராக் (பூட்டை உடைத்த ஃபைல்) போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்பார்கள். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓடவிடு என்று சொல்லும் ஃபைலுக்குள் வேறென்ன வந்தது என்று பார்ப்பவர் குறைவு. சில கேம்கள் திறந்துவிட்டு உள்ளே பழிவாங்கும்: 2009-இன் பேட்மேன் ஆர்காம் அசைலத்தின் நகலில் கேப்பை விரித்துப் பறக்க முடியாது, 2013-இன் கேம் டெவ் டைக்கூனில், நகலெடுத்தவர் நடத்தும் கேம் கம்பெனி திருட்டு நகலால் திவாலாகும். சட்டமும் இருக்கிறது: 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கில் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

வாங்கும் முன் ஸ்டீம் பக்கத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். மூன்றாம் ஆள் பூட்டு, தனி அக்கவுண்ட் தேவை என்றெல்லாம் அங்கே சின்னப் பெட்டியில் போட்டிருப்பார்கள். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கேமைத் திறந்ததும் ஓடும் ஷேடர் (காட்சியை வரைய கிராபிக்ஸ் கார்டு பயன்படுத்தும் சிறு புரோகிராம்) தயாரிப்பு நேரமும் இந்த 2 மணிக்குள் சேரும். ஆகவே கதையைத் தொடங்கும் முன் நெட்டைத் துண்டித்து, கேமை மூடித் திறந்து, ஆஃப்லைனில் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.