குத்துவிளக்குக்குப் புளியா, கடைப் பொடியா?

வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு தேய்க்க உட்கார்ந்தால் என் கை முதலில் போவது புளிக்குத்தான். சமையலுக்கு ஆகாத பழைய புளி போதும், எலுமிச்சை அளவு ஊறவைத்துக் கல்லுப்போடு பிசைந்து தடவிப் பத்து நிமிடம் விட்டால், அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும், அப்புறம் தேய்க்கிற வேலையே குறைவு.

பொடி வேகம், அதை மறுக்க முடியாது. ஆனால் தேய்ப்பதற்கென்று அதில் இருக்கும் நுண்தூள், உச்சியில் இருக்கும் அன்னத்தின் இறகு வரிகளில் வெள்ளையாக அடைந்துகொள்கிறது, பழைய டூத் பிரஷ் இல்லாமல் வராது. வாராவாரம் அழுத்தித் தேய்த்தால் அந்த வரிகளே மழுங்கும். அதனால் விளக்குக்குப் புளி, பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த அண்டாவுக்குப் பொடி, இதுதான் என் கணக்கு.

எதுவானாலும் எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடைத்து வெந்நீரில் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் புளியும் பிடிக்காது, பொடியும் பிடிக்காது. கடைசியில் நன்றாக அலசி உடனே துணியால் ஈரம் போகத் துடைக்கணும். திரி போடும் குழியில் புளி கொஞ்சம் தங்கினாலும் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும்.